சிலிக்கா ஜெல் போட்டும் வெள்ளிக் காசுகள் கறுத்துவிட்டன, எங்கே தவறு?

வெள்ளிரேகை:

வணக்கம் நண்பர்களே. அப்பா முப்பது வருடம் சேர்த்த நாணயங்கள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. அவர் இருந்தவரை அவை மேசை இழுப்பறையில் சாதாரணமாகக் கிடந்தன, ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பதினான்கு மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தீத்தடுப்புப் பெட்டகத்துக்கு மாற்றினேன். ஈரம் வரக்கூடாது என்று ஆறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டுவைத்தேன். நேற்றுதான் மறுபடி திறந்தேன்.

வெள்ளிக் காசுகளில் பாதிக்கு மேல் விளிம்பில் மஞ்சளும் பழுப்பும் ஏறியிருக்கின்றன. சிலவற்றில் நீலம், இரண்டு முழுக்கக் கறுப்பு. செம்புக் காசுகள் மூன்றில் பச்சையாக, தொட்டால் ஒட்டுகிற பசை மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. அப்பா மிகவும் ஆசையாக வைத்திருந்த ரோமானிய வெண்கலக் காசு ஒன்றில் வெளிர்பச்சைப் புள்ளிகள். விரல் பட்டால் மாவு போல உதிர்கிறது.

ஜெல் போட்டும் ஏன் இப்படி? இப்போதே கழுவலாமா? எதையாவது செய்து இன்னும் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

செப்புத்தகடு:

தொடாமல் வைத்ததே பாதி நல்லது. அப்படியே இருங்கள். சில கேள்விகள்: காசுகள் எந்த உறையில் இருக்கின்றன? மெத்தென்ற பிளாஸ்டிக்கா, சலசலக்கும் விறைப்பான பிளாஸ்டிக்கா? ரப்பர் பேண்ட், வெல்வெட், பஞ்சு, செய்தித்தாள், பழுப்புக் காகித உறை, இவற்றில் எது பெட்டகத்துக்குள் இருந்தது? ஜெல் என்ன நிறம்?

வெள்ளிரேகை:

பாதிக் காசுகள் மெத்தென்ற, இரண்டாக மடிகிற பிளாஸ்டிக் உறையில். உறையை முகர்ந்தால் புதுக் குளியலறைத் திரையின் வாடை வருகிறது. மீதி ஒரு தடித்த அட்டை ஆல்பத்தில். பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். ரோமானியக் காசு ஒரு வெல்வெட் பெட்டியில். ஒவ்வொரு காசோடும் அப்பா கையால் எழுதிய சின்னக் காகிதச் சீட்டு ஒன்று உண்டு. ஜெல் வெள்ளை மணிகள், அன்றும் வெள்ளை, இன்றும் வெள்ளை.

ஆய்வுக்கூடம்:

நீங்கள் சொன்னதில் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒரே மருந்து மூன்றுக்கும் ஆகாது, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, வெள்ளியின் கறுப்பு. இது துரு அல்ல, ஆக்சிஜனால் வருவதும் அல்ல. காற்றில் இருக்கும் கந்தக வாயுக்கள், முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. நூறு கோடிப் பங்கில் ஒன்றிரண்டு பங்கு வாயு இருந்தாலே போதும், நாள்பட நாள்படப் படலம் ஏறிவிடும். நீங்கள் பார்த்த மஞ்சள், பழுப்பு, நீலம் எல்லாம் சாயம் அல்ல. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி காட்டும் வேடிக்கை, சோப்புக் குமிழியில் தெரிகிற நிறங்களைப் போல. முதலில் மஞ்சள், பிறகு செம்மை, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. ஈரம் இந்த வேலையை வேகப்படுத்தும். ஆனால் கந்தகம் வந்தது எங்கிருந்து என்று பாருங்கள்: ரப்பர் பேண்ட். ரப்பரை உறுதியாக்கவே கந்தகம் சேர்க்கிறார்கள். பழுப்புக் காகிதமும் மட்ட அட்டையும் செய்யும் முறையிலேயே சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. வெல்வெட்டின் சாயத்திலும் பசையிலும்கூடக் கந்தகம் இருக்கலாம். சிலிக்கா ஜெல் தண்ணீரைத்தான் பிடிக்கும். கந்தகத்தைத் தடுப்பது அதன் வேலை அல்ல.

இரண்டாவது, ஒட்டுகிற பச்சை. இது அந்த மெத்தென்ற உறையின் வேலை. அது பிவிசி. அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்லக் கசிந்து காசில் படியும். பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும். அது செம்பை அரித்துப் பச்சையாக்கும். வெள்ளிக் காசிலும் செம்பு கலந்திருப்பதால் அதிலும் இது வரும். ஆரம்பத்தில் பால் படிந்தது போல மங்கலாக இருக்கும், பச்சை பின்னால்தான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாவாக உதிரும் வெளிர்பச்சை. வெண்கல நோய் என்று சொல்வார்கள். மண்ணுக்குள் கிடந்த காசுகளில் குளோரைடு உப்பு உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். அங்கே இருக்கும் செம்பு குளோரைடு ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் வினைபுரிந்து பச்சைத் தூளாகிறது. அதோடு அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்கிறது, மறுபடி செம்பு குளோரைடு. வட்டம் நிற்பதே இல்லை. ஒப்பு ஈரப்பதம் நாற்பது சதவீதத்தைத் தாண்டிப் போகப் போக இது விழித்துக்கொள்ளும். காசு மொத்தமும் பொடியாகிவிடக்கூடும்.

அதனால் கறுப்பைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பத்து வருடம்கூடக் காத்திருக்கும். பச்சையை இன்றே கவனியுங்கள். ரோமானியக் காசை இப்போதே தனியாக எடுத்து, மூடி இறுகிய சின்னக் கண்ணாடிப் புட்டியில் புதுச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

வெள்ளிரேகை:

எடுத்துவிட்டேன். ரப்பர் பேண்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டேன். கந்தகம் என் கையாலேயே உள்ளே போனது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் மேசை இழுப்பறையிலும் இதே உறைகள்தானே இருந்தன? அப்போது ஏன் கெடவில்லை?

இரும்புப்பெட்டி:

அதற்குப் பதில் உங்கள் பெட்டகத்தின் சுவருக்குள் இருக்கிறது. தீத்தடுப்புப் பெட்டகம் வெறும் இரும்பு அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஜிப்சமோ கான்கிரீட் கலவையோ நிரப்பியிருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் வேதியியலாகப் பிணைந்த நீர். நெருப்புப் பிடித்தால் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும், உள்ளே இருக்கும் காகிதம் கருகாமல் இருக்கும். அதுதான் அதன் சூட்சுமம். ஆனால் சாதாரண நாட்களிலும் அந்த நிரப்பு, குறிப்பாகக் கான்கிரீட் வகை, கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கதவோ இறுகலாக மூடும். ஈரம் போக வழியில்லை. இழுப்பறையில் காற்று நடமாடியது, இங்கே அது இல்லை.

நான் இப்படி ஒரு பெட்டகத்தில் ஈரப்பதம் காட்டும் மானி வைத்துப் பார்த்தேன். அறையில் 58 சதவீதம் இருந்த நாளில் உள்ளே 79 காட்டியது. அன்றே காசுகளை வெளியே எடுத்தேன். காகிதப் பத்திரங்களுக்கு அந்தப் பெட்டகம் பரவாயில்லை. உலோகத்தை அதில் வைக்க வேண்டுமென்றால் உள்ளே இன்னொரு காற்றுப்புகாப் பெட்டி கட்டாயம் வேண்டும். தீப்பிடித்தால் உள்ளே நீராவி நிரம்பும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

புதுச்சேகரம்:

நான் இதற்குப் புதியவன். கறுத்த வெள்ளிக்கு அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் போட்டால் பளபளவென்று ஆகிவிடும் என்று பார்த்தேன். அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

பழங்காசு:

தம்பி, அது பாத்திரத்துக்குச் சரி. காசுக்கு வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகின்றன. புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் போலச் சுழல்வது அந்தக் கோடுகளால்தான். கறுப்பாகிப்போன வெள்ளி அந்தக் கோடுகளின் வெள்ளிதான். கடையில் கிடைக்கும் திரவத்தில் முக்கினால் அதில் இருக்கும் தயோயூரியாவும் அமிலமும் சல்ஃபைடைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு முறையும் ஒரு படலம் போகும். நாலைந்து முறைக்குப் பிறகு காசு வெளுப்பாக, உயிரில்லாமல் நிற்கும். அலுமினிய முறையில் சல்ஃபைடு வெள்ளியாகத் திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் திரும்பும் வெள்ளி பழைய இடத்தில் பழைய வடிவில் உட்காருவதில்லை, மேற்பரப்பு மங்கிப்போகும். துணியால் தேய்ப்பதோ எல்லாவற்றிலும் கொடுமை. அந்தக் கீறலைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே சீராகப் படிந்த நிறப் படலத்தை, அதாவது டோனிங்கை, பலர் விரும்பித் தேடி வாங்குகிறார்கள். எனக்கும் பிடிக்கும். அது அந்தக் காசு வாழ்ந்த வாழ்க்கை.

புதுச்சேகரம்:

நன்றி ஐயா. நல்லவேளை, கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நீலவட்டம்:

பழங்காசு ஐயாவோடு ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நல்ல டோனிங், கெட்ட டோனிங் என்று இரண்டு உண்டு. வானவில் போல மெல்லியதாக இருப்பது வேறு. முழுக்கக் கறுத்து, உருவமே தெரியாமல் போய், மேற்பரப்பு அரிக்கத் தொடங்கியிருப்பது வேறு. வெள்ளிரேகை சொன்ன அந்த இரண்டு கறுப்புக் காசுகள் மதிப்புள்ளவை என்றால் பாதுகாப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டலாம். எப்போதும் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

பழங்காசு:

நிபுணர் கையால் என்றால் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

செப்புத்தகடு:

பிவிசி பசைக்கு வருகிறேன், அதை வீட்டிலேயே எடுக்கலாம். தூய அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கி ஆகாது, அதில் எண்ணெயும் நிறமும் மணமும் கலந்திருக்கும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, பசையை மட்டும் கரைக்கும்.

கண்ணாடிக் கிண்ணம்தான் வேண்டும், பல பிளாஸ்டிக்குகள் அசிட்டோனில் இளகிவிடும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது, அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். காசை ஒரு கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, எடுத்து, இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, மூன்றாவதில் மறுபடி அலசுங்கள். முதல் கிண்ணத்தின் அழுக்கே திரும்பக் காசில் படியாமல் இருக்கத்தான் மூன்று கிண்ணம். தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள். விளிம்பில் நிறுத்தித் தானாக உலரவிடுங்கள். பசை போய்விடும். ஆனால் அதற்கு அடியில் அரித்த பச்சை இருந்தால் அது போகாது. அந்த அளவுக்கு மேல் முயற்சி வேண்டாம்.

ரோமானியக் காசுக்கு இது தீர்வு அல்ல. அதன் பிரச்சினை உள்ளே இருக்கிறது.

வெள்ளிரேகை:

எல்லா உறையும் பிவிசி தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆல்பத்தின் பக்கங்களும் ஏதோ பிளாஸ்டிக்தான்.

ஆய்வுக்கூடம்:

நெருப்பே இல்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி ஒட்டாமல் பார்த்து விடுங்கள். மிதந்தால் பாலிஎதிலீனோ பாலிப்ரொப்பிலீனோ, பிவிசி அல்ல. மூழ்கினால் பெரும்பாலும் இரண்டு வாய்ப்பு: பிவிசி, இல்லையென்றால் மைலார் என்று அழைக்கும் பாலியெஸ்டர். இவற்றைக் கையாலேயே பிரித்துவிடலாம். மைலார் விறைப்பாக, கண்ணாடி போல, சலசலக்கும். மடித்தால் கோடு விழும். பிவிசி உறை துவளும், வாடை அடிக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் செம்புக் கம்பிச் சோதனை உண்டு. கம்பியைத் தீயில் நிறமில்லாமல் எரியும்வரை சூடாக்கி, சூட்டோடு பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் குளோரின் உள்ள பிளாஸ்டிக் பச்சைச் சுடர் தரும். அந்தப் புகை நச்சு, திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். மிதப்புச் சோதனையே பெரும்பாலும் போதும்.

வெள்ளிரேகை:

மூழ்கியது. துவளுகிறது. எல்லா மெத்தென்ற உறையும் அதேதான். ஆல்பப் பக்கங்கள் மிதக்கின்றன, அது ஒரு நிம்மதி.

ஜெல் பற்றிக் கேட்கிறேன். ஆறு பொட்டலம், ஒவ்வொன்றும் ஐந்து கிராம். பெட்டகம் சுமார் 40 லிட்டர். இது போதாதா?

ஆய்வுக்கூடம்:

கணக்குப் போட்டுப் பார்ப்போம், இது பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று முழுக்க நிறைந்தால் சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். 80 சதவீதத்தில் 24 கிராம். உங்கள் 40 லிட்டரில் ஒரே ஒரு கிராம். அந்தக் காற்றை மட்டும் உலர்த்த உங்கள் 30 கிராம் ஜெல் தாராளமாகப் போதும்.

ஆனால் ஈரம் காற்றில் இல்லை, அட்டையில் இருக்கிறது. காகிதம் தன் எடையில் நல்ல பங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரமான அறையில் பத்து சதவீதத்துக்கு மேலேயே போகும். உங்கள் ஆல்பமும் அட்டைகளும் சேர்ந்து இரண்டு கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை 80 சதவீத நிலையிலிருந்து 40 சதவீத நிலைக்குக் கொண்டுவர சுமார் 100 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். ஜெல் 40 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிக்கும். அப்படியானால் அரைக் கிலோ ஜெல் வேண்டும். அதற்கு மேல் சுவர் வேறு ஈரம் விட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் ஜெல் முதல் சில நாட்களிலேயே நிறைந்துவிட்டிருக்கும்.

வெள்ளை மணியில் நிறம் மாறாது, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு சின்னத் தராசு இருந்தால் உலர்ந்த ஜெல்லை நிறுத்து எடையைப் பொட்டலத்திலேயே எழுதிவையுங்கள். எடை ஏறினால் தண்ணீர் ஏறுகிறது. நிறம் மாறும் வகையும் உண்டு. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதன் தூசியைச் சுவாசிக்கக்கூடாது. ஆரஞ்சு வகையை வாங்குங்கள்.

மறுபடி உலர்த்த சுமார் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம். பொட்டலத்தோடு அப்படியே வைத்தால் உறை உருகிவிடலாம், உலோகத் தட்டில் கொட்டி வையுங்கள். உணவு சமைக்கும் அடுப்பில் நிற ஜெல்லை வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உடனே மூடிய புட்டியில் ஆறவிடுங்கள், திறந்து ஆறவிட்டால் அறையின் ஈரத்தையே குடிக்கும்.

நீலவட்டம்:

அலமாரிக்குத் தொங்கவிடுகிற, தண்ணீர் சேர்ந்து அடியில் நிற்கிற ஈர உறிஞ்சி வகையைக் காசுப் பக்கம் யாரும் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் நீர் கெட்டியான உப்பு நீர். ஒரு முறை சாய்ந்தால் போதும், செம்புக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நாப்தலின் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பாலிஸ்டைரீன் கேப்சூலை, அதாவது காசை அடைக்கும் விறைப்பான பிளாஸ்டிக் கூட்டை, மங்க வைத்துவிடும்.

இரும்புப்பெட்டி:

மானி வாங்கினால் முதலில் அதைச் சோதியுங்கள். மலிவான மானிகள் ஐந்து பத்து சதவீதம் தவறாகக் காட்டும். ஒரு மூடியில் சமையல் உப்பு போட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் மாதிரி ஆக்குங்கள், கரைந்துவிடக்கூடாது. அதையும் மானியையும் ஒரே மூடிய பையில் ஒரு நாள் வையுங்கள், மானியில் உப்பு படாமல். அறை வெப்பத்தில் உள்ளே 75 சதவீதம் வரும், இயற்கையாகவே. உங்கள் மானி 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள்.

வெள்ளிரேகை:

செய்துவிட்டேன், என் மானி 4 குறைவாகக் காட்டுகிறது. அதைக் கூட்டிப் பெட்டகத்துக்குள் பார்த்தால் 77. இரும்புப்பெட்டி அண்ணா சொன்னதற்கு மிக அருகில்.

இனி காற்றுப்புகாப் பெட்டிக்கு மாற்றப் போகிறேன். ஆனால் ஒரு நண்பர் "காசு மூச்சுவிட வேண்டும், மூடினால் கறுக்கும்" என்கிறார். எது சரி?

பழங்காசு:

இரண்டும் அனுபவத்தில் பார்த்தது. மூடிய பெட்டி உள்ளே இருப்பதையும் சேர்த்து மூடுகிறது. கந்தகம் விடும் பொருளை உள்ளே வைத்து மூடினால் திறந்த பெட்டியைவிடக் கெடுதல். சுத்தமான பொருள்களை வைத்து, உலர்ந்த நாளில், உலர்ந்த ஜெல்லோடு மூடினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அதனால் மூடலாமா என்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மரத்திலும் இதே கதை. ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவி விடும், ஈயக் காசை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஒட்டுப்பலகையும் அமுக்குப் பலகையும் பசையின் ஃபார்மால்டிஹைடு விடும். நாணய அலமாரிக்கு மகோகனியைத் தேர்ந்தெடுத்த வழக்கம் சும்மா வந்தது அல்ல.

ஆய்வுக்கூடம்:

இதற்கு அருங்காட்சியகங்களில் ஒரு சோதனை உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் அறிமுகப்படுத்தியது. சந்தேகப்படும் பொருளையும் வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் கொஞ்சம் நீரோடு ஒரே மூடிய கண்ணாடிக் குழாயில் போட்டு, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். துண்டுகள் கறுத்தாலோ அரித்தாலோ அந்தப் பொருள் காட்சிப் பேழைக்கு ஆகாது.

வீட்டில் அவ்வளவு துல்லியம் வராது, ஆனால் எளிய வடிவம் செய்யலாம். புதிதாக வாங்கிய உறையோ துணியோ ஒரு துண்டு, நன்றாகத் துடைத்த வெள்ளித் துண்டு ஒன்று, ஒரு சொட்டு நீரில் நனைத்த பஞ்சு, எல்லாம் ஒன்றையொன்று தொடாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில். பக்கத்தில் இன்னொரு புட்டியில் வெள்ளியும் பஞ்சும் மட்டும். வெப்பமான இடத்தில் ஒரு மாதம். இரண்டு வெள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஒரு நீல வெல்வெட்டை இப்படிச் சோதித்தபோது பதினோராவது நாளே வெள்ளி மஞ்சளானது. அதை வாங்கிய நோக்கமே வெள்ளிப் பதக்கத்துக்குப் பெட்டி செய்வது. முன்கூட்டியே பார்த்ததால் பதக்கம் தப்பியது.

நீலவட்டம்:

கந்தகத்தைப் பிடிக்கவென்றே பொருள்கள் இருக்கின்றன. செம்புத் துகள் கலந்த பாலிஎதிலீன் பை ஒன்று. உள்ளே வரும் கந்தக வாயு காசை அடைவதற்கு முன் பையின் செம்போடு சேர்ந்துவிடும். பை கறுக்க ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம். கரி ஏற்றிய காகிதப் பட்டைகளும் உண்டு. அவை நிறைந்ததும் வேலை நின்றுவிடும், தேதி எழுதி வையுங்கள். இரண்டும் ஜெல்லுக்குப் பதில் அல்ல, கூடுதல்.

புதுச்சேகரம்:

ஸ்லாபில், அதாவது தரம் பார்க்கும் நிறுவனம் மூடி ஒட்டித் தரும் பிளாஸ்டிக் பேழையில், அடைத்த காசு என்றால் கவலையே வேண்டாமா?

செப்புத்தகடு:

வேண்டும். ஸ்லாபின் விளிம்பை ஒலியால் உருக்கி ஒட்டுகிறார்கள், ஆனால் அது காற்றுப்புகாதது அல்ல. வாயு மெல்ல உள்ளே போகும். ஸ்லாபுக்குள்ளேயே கறுத்த காசுகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கேப்சூலும் அப்படித்தான். கைபடாமல் காப்பது அதன் பெரிய நன்மை. ஸ்லாபையும் உலர்ந்த பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கைபடுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விரல் ரேகை அன்று தெரியாது, வியர்வையின் உப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் அரித்துப் பிறகு கறுப்பாக எழும். விளிம்பை மட்டும் பிடியுங்கள், அடியில் மெத்தைத் துணி விரியுங்கள். கையுறை போட்டால் பவுடர் இல்லாத நைட்ரில். லேடெக்ஸில் கந்தகம் இருக்கிறது. பருத்திக் கையுறையில் காசு வழுக்கிவிடும், தூசும் பிடிக்கும். காசின் மேல் குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளிதான் பல கறும்புள்ளிகளுக்குத் தாய்.

இரும்புப்பெட்டி:

மூடும் நேரமும் முக்கியம். 30 டிகிரி, 60 சதவீதம் இருக்கும் அறையில் பெட்டியை மூடுகிறீர்கள் என்று வையுங்கள். அதைக் குளிரூட்டிய அறைக்கோ குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டியோ கொண்டுபோய் உள்வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் அதே நீராவிக்கு இடம் போதாது. 21 டிகிரியைத் தாண்டி இறங்கும்போதே பனி கட்டத் தொடங்கும், அதுவும் குளிர்ந்த உலோகத்தின் மேல். அதனால் வெப்பம் ஏறி இறங்காத உள்சுவர் அலமாரியில் வையுங்கள். பரண், அடித்தளம், குளியலறைச் சுவர் இவை மூன்றும் ஆகாது.

வெள்ளிரேகை (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்கிறேன். செம்புக் காசுகள் மூன்றும் அசிட்டோனில் அலசினேன். பசை போய்விட்டது. இரண்டில் அடியில் எதுவும் இல்லை. ஒன்றில் சின்னப் பச்சைத் தழும்பு இருக்கிறது, விட்டுவிட்டேன். வெள்ளிக் காசுகளையும் பிவிசி உறையில் இருந்தவற்றை மட்டும் அலசினேன். நிறங்கள் அப்படியே இருக்கின்றன, அந்த இரண்டு கறுப்புக் காசுகளும் உட்பட. எல்லாம் மைலார் சன்னல் உள்ள அட்டை உறைக்கு மாறிவிட்டன.

மூடியில் வளையம் வைத்த காற்றுப்புகாப் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் 200 கிராம் ஆரஞ்சு ஜெல், ஒரு மானி. முதல் வாரம் 52-இல் நின்றது, ஆய்வுக்கூடம் சொன்ன அட்டைக் கணக்கு ஞாபகம் வந்தது. ஜெல்லை இரண்டு முறை உலர்த்தினேன். இப்போது 37.

ஆய்வுக்கூடம்:

37 மிக நல்ல இடம். பெட்டி மூடியின் வளையம் ரப்பரா, சிலிகோனா என்று மட்டும் பாருங்கள். ரப்பர் என்றால் சிலிகோனுக்கு மாற்றிவிடுங்கள். அட்டை உறையின் ஸ்டேப்ளர் கம்பிகளின் முனை பக்கத்துக் காசைக் கீறாதபடி தட்டையாக அமுக்குங்கள்.

ரோமானியக் காசு எப்படி இருக்கிறது?

வெள்ளிரேகை:

வளையம் சிலிகோன்தான். ரோமானியக் காசில் பொடியை மரக்குச்சியால் மெல்லத் தட்டி எடுத்தேன். அதற்கு அடியில் குழி விழுந்திருக்கிறது. புட்டியில் உலர்வாகவே இருக்கிறது, புதிதாக எதுவும் எழவில்லை. இனி பிழைக்குமா?

பழங்காசு:

உலர்வாக இருக்கும்வரை அது தூங்கும். குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சிகிச்சை உண்டு: சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடை வெளியே இழுப்பது. காசின் பழைய நிறம் அதில் மாறக்கூடும். செம்பு மேலும் அரிக்காமல் தடுக்கும் பென்ஸோட்ரையஸோல் பூசுவது நிபுணர் வேலை, அது உடலுக்குக் கேடு. என்னிடம் இப்படி ஒரு காசு ஒன்பது வருடமாக எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உலர்ந்த புட்டியில் மட்டும் இருக்கிறது, ஒரு புள்ளிகூட வளரவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படியே விட்டு, மாதம் ஒரு முறை உருப்பெருக்கியில் பார்ப்பேன்.

வெள்ளிரேகை:

அப்படியே செய்கிறேன் ஐயா.

கடைசியாக ஒன்று. அப்பா எழுதிய சீட்டுகள். ஒவ்வொரு காசோடும் ஒட்டி இருந்தன, சாதாரணக் காகிதம், பழுத்துப்போயிருக்கிறது. சில காசுகளின் கறுப்பு சரியாக அந்தச் சீட்டின் விளிம்பு அளவுக்கே விழுந்திருக்கிறது. காசோடு வைக்கக்கூடாது என்று புரிகிறது. ஆனால் பிரிக்க மனம் வரவில்லை. எந்தக் காசை எங்கே வாங்கினார், அன்று யாரோடு போனார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நீலவட்டம்:

பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் இழக்க வேண்டாம். சீட்டுகளும் ஈரத்திலும் வெளிச்சத்திலும் கெடும் பொருள்தான், அவற்றுக்கும் தனி இடம் நல்லது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண் கொடுங்கள். உறையின் அட்டையில் பென்சிலால் அந்த எண்ணை, காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதுங்கள். சீட்டைப் பாலிப்ரொப்பிலீன் பக்கத்தில் அதே எண்ணோடு வையுங்கள். சீட்டின் மேல் எதையும் எழுதாதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வெள்ளிரேகை (நான்கு நாள் கழித்து):

முடித்துவிட்டேன். 212 காசு, 212 சீட்டு. சீட்டுகளுக்கென்று தனி ஆல்பம். ரோமானியக் காசுக்கு எண் 1 கொடுத்தேன். இன்று காலை மானி 36.